லமீஸின் கையுறை

லமீஸின் கையுறைகளைத் திருட ஸவ்ஸனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கொட்டகை ஆணியில் மஞ்சளாகத் தொங்கிய இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக மலைச்சரிவின் கீழ்த்தட்டுப் புகையிலை வயலில் இறங்கிவிட்டாள்.

பத்து நாளாக அந்த மஞ்சளைக் கண்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

லமீஸ் அவள் கொழுந்தனின் மனைவி. கல்யாணமாகி முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை. புகையிலை பறிக்க வந்த முதல் வாரமே வாந்தி எடுத்தாள். பனியில் நனைந்த இலையை வெறுங்கையால் பறித்தால் சாறு தோலில் இறங்கித் தலை சுற்றும், குமட்டும். இலை மயக்கம் என்பார்கள். தெற்கு லெபனானில் அதற்காக யாரும் படுத்துக்கொள்வதில்லை.

ஆனால் மாமியார் உம்மு நிஸார் வேறு விதமாக நினைத்தாள். நபத்தியே நகரின் திங்கள் சந்தைக்குத் தானே போய், முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிவந்தாள்.

"புதுப்பொண்ணு வாந்தி எடுத்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? புள்ளைத்தாச்சி உடம்புல இலைச்சாறு ஏறக்கூடாது. என் ஹைதர் திரும்பி வரான்டி!"

ஹைதர், காலமான மாமனாரின் பெயர். வீட்டின் முதல் பேரனுக்கு அந்தப் பெயர்தான் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அவனைப் பெற்றவளை அன்று முதல் ஊரே 'உம்மு ஹைதர்', ஹைதரின் அம்மா என்றுதான் கூப்பிடும்.

மூத்த மருமகள் ஸவ்ஸன் அந்தப் பெயருக்காக எட்டு வருடம் காத்திருந்தாள். அவள் வயதுப் பெண்கள் எல்லோரும் உம்மு இன்னார், உம்மு இன்னார் என்று ஆகிவிட்டார்கள். அவள் மட்டும் இன்னும் வெறும் ஸவ்ஸன். மாதாமாதம் நாள் எண்ணிப் பார்ப்பதைக்கூட நான்காவது வருடமே விட்டுவிட்டாள்.

கையுறை மாட்டிய நாளிலிருந்து லமீஸ் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. ரொட்டியில் ஆலிவ் எண்ணெயை ஊற்றி ஊற்றித் தின்றாள். 'சீராட்டினதும் சீக்கு பறந்துபோச்சு பாரேன்' என்று ஸவ்ஸன் பல்லைக் கடித்தாள். அவளும்தான் மூன்று வாரமாகக் கக்குகிறாள், கேட்க நாதியில்லை.

முந்தாநாள் வாய்விட்டுக் கேட்டே விட்டாள்.

"எனக்கும்தான் அத்தை குமட்டுது. எனக்கு ஒரு ஜோடி கிடையாதா?"

"உனக்கு வந்தது இலை மயக்கம்டி. எலுமிச்சம்பழத்தைக் கடிச்சிக்கிட்டு வேலையைப் பாரு. எட்டு வருஷமாப் பறிக்கிற கைக்கு இப்பத்தான் நோவுதாக்கும்!"

"அக்கா, வேணும்னா இதுல ஒண்ணை நீங்க போட்டுக்குங்க" என்று லமீஸ் ஒரு கையுறையைக் கழற்றி நீட்டினாள். ஸவ்ஸனுக்கு மாமியாரின் ஏச்சைவிட அந்தப் பரிவுதான் தாங்க முடியவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை, பறிப்பு இல்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்தாள். இன்று காலை எடுத்துவிட்டாள்.

லமீஸ் கக்கட்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் குமட்டல் இல்லாமல் இருக்கிறேன்.

குனிந்து அடியிலைகளை ஒவ்வொன்றாக ஒடித்தாள். பனிநீர் ரப்பர்மீது உருண்டு ஓடியது, உள்ளே கை உலர்ந்தே இருந்தது. மாமியார் காலை உணவோடு வருவதற்குள் கழற்றிக் கல்லிடுக்கில் ஒளித்துவிடலாம்.

வெயில் ஏறியபோது மேல்தட்டிலிருந்து லமீஸ் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. ஸவ்ஸன் வாய்விட்டே சிரித்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் வயிறும் புரட்டியது. கல்வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, குடல் வெளியே வருகிற மாதிரி கக்கினாள்.

"இது என்ன கூத்து! மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி!"

இரண்டு தட்டுகளுக்கும் நடுவே, படியில், உம்மு நிஸார் கூடையோடு நின்றாள்.

"கையுறையைக் காணோம் அத்தை" என்றாள் லமீஸ் மேலிருந்து. "வெறுங்கையாலதான் பறிச்சேன்." நீட்டிய கைகளில் பிசின் கறுப்பாக அப்பியிருந்தது.

மாமியார் கீழே திரும்பினாள். ஒளிக்க நேரமில்லை. மஞ்சள் கைகள் இரண்டும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

"அடிப்பாவி!" என்று கூடையை வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அடிச்சுடாதீங்க அத்தை." ஸவ்ஸனுக்கு அழுகை முட்டியது. "எனக்குப் பொறாமைதான், ஒத்துக்கிறேன். இதைப் போட்டா இன்னிக்கு ஒரு நாளாவது குமட்டாதுன்னு நினைச்சேன். என் நேரம், எனக்குன்னா இதுவும் வேலை செய்யலை."

ஓங்கிய கை பாதியில் நின்றது. உம்மு நிஸார் மேலே லமீஸின் கறுத்த கைகளைப் பார்த்தாள். பிறகு ஸவ்ஸனின் ஒரு கையுறையை இழுத்துக் கழற்றி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஸவ்ஸனின் உள்ளங்கையை முகர்ந்தாள். இலை வாசனையே இல்லை.

"எப்ப மாட்டினே?"

"இலையைத் தொடறதுக்கு முன்னாடியே."

"நேத்துப் பறிப்பே இல்லையே. நேத்தும் வாந்தி எடுத்தியா?"

"ரெண்டு தடவை."

கிழவி சட்டென்று தரையிலேயே உட்கார்ந்தாள். கழற்றிய கையுறையை லமீஸை நோக்கி வீசினாள்.

"பிடிடி, இது உனக்கு வந்த இலை மயக்கத்துக்கு!"

பிறகு ஸவ்ஸனின் ஈரமில்லாத கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"மெதுவா எந்திரி, உம்மு ஹைதர்."