நனையாத உடை

கொச்சியிலிருந்து வந்த விற்பனையாளர் இரண்டு உடைகளையும் மேசைமேல் விரித்தார். இரண்டு ஆட்கள் படுத்திருப்பது போலிருந்தது.

யாரும் உடனே தொடவில்லை.

சென்ற மழைக்காலத்து எலிக்காய்ச்சல் சாவுக்குப் பிறகுதான் எங்கள் மீட்புக் குழுவுக்கு இந்த உடை அனுமதியானது. அதுவரை தம்பானூர் பின்புறத்துச் சாக்கடைக் கால்வாயில் நிக்கரும் சட்டையுமாக முங்கித்தான் பிணங்களை எடுத்தோம். இனி எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீர் உடம்பில், புண்ணில் படாது. எது நீடித்து உழைக்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று துணி. இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் ஏடு வைத்து ஒட்டியது. மடித்தால் பைக்குள் அடங்கும்.

மற்றது முழுக்க ரப்பர். கறுப்பு. லாரி டயர் வாசனை.

என்னோடு முங்கும் லிங்கராஜ் இரண்டின் முழங்கால்களையும் வாசற்படி வெட்டுகல்லில் வைத்துத் தேய்த்தான். துணியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ரப்பரில் வெள்ளையாகக் கீறல் விழுந்தது. சைக்கிள் டியூப்புக்குப் போடுவது போல ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம் என்றார் விற்பனையாளர்.

“இதுக்குள்ள இறங்கினா புட்டு மாதிரி வெந்துதான் வெளிய வருவோம், அண்ணே,” என்றான் லிங்கராஜ் என்னிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். கொஞ்ச நாளாக அப்படித்தான்.

எங்கள் அதிகாரிக்குத் துணி உடைதான் பிடித்திருந்தது. ஆனாலும் முடிவை என்னிடம் விட்டார். நான் குழுவில் மூத்தவன். அது மட்டும் காரணமில்லை என்பது விற்பனையாளரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

முங்கிவிட்டு வந்தபின் இதை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டேன்.

அவர் உற்சாகமாகத் துணி உடையைத் தூக்கிக் காட்டினார்.

“ஒரு பிரச்சினையும் இல்ல சாரே. வீட்டுல கொண்டுபோயி சோப்பு வெள்ளத்துல ஊறப்போட்டா மதி, அது போதும். உங்க வீட்டு சேச்சி துவைச்சுத் தருவா.”

லிங்கராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மற்றதை என்ன செய்வது என்று கேட்டேன்.

ரப்பரில் எதுவும் ஊறாது என்றார். ஆள் உள்ளே இருக்கும்போதே கரையில் நிற்கவைத்து, மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாமாம். வீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாமாம். ஆனால் கனம் அதிகம், வெயிலில் கஷ்டம் என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

ரப்பரே இருக்கட்டும் என்றேன்.

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தக் கால்வாயில் நான் பல வருடம் முங்கியிருக்கிறேன். எனக்கு ஒரு நாள் காய்ச்சல்கூட வந்ததில்லை.

என் மனைவி பொன்செல்வி அந்தப் பக்கம் போனதேயில்லை. கரமனையில் எங்கள் வாடகை வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து என் சட்டையைக் கசக்கிப் போடுவாள். அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் அவள் விரலில் மீன் முள் குத்தியிருந்தது.