ஜப்பான் வண்டிக்கு மாலை இல்லை

ஒரு வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. பழையது ஜப்பான் கம்பெனி வண்டி, ஒருநாளும் வழியில் நின்றதில்லை. புதியது அடிக்கடி மக்கர் பண்ணும். ஆயுத பூஜைக்குப் பூவும் பூசணிக்காயும் சுமந்து வந்ததென்னவோ பழையதுதான். குளித்து மாலை போட்டுக்கொண்டது புதியது.

"ஜப்பான் வண்டிக்கென்ன, அதுபாட்டுக்கு ஓடும்," என்றார் வீட்டுக்காரர்.

பழையதற்கு உடம்பெல்லாம் வலித்தது.

"நாளைக்குக் கிளம்பாம நின்னு பாருங்கக்கா. அப்பத்தான் உங்களையும் கவனிப்பாங்க," என்றது புதியது.

மறுநாள் பழையது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. வீட்டுக்காரி பின்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். மடியில் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. வீட்டுக்காரர் சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரி போய்த் திரும்பியதும் புதியது கேட்டது, "என்னக்கா, கிளம்பிட்டீங்க?"

"பிள்ளைக்கு உடம்பு சுட்டுதுடி," என்றது பழையது. "நாளைக்குப் பார்க்கலாம்."