பூஜ்யம் போட்ட நத்தை

மாய மிருகங்கள் மோதிக்கொள்ளும் சீட்டாட்டம் அது. டிராகன் சீட்டில் வலிமை ஒன்பது என்று போட்டிருந்தது. பக்கத்திலிருந்த நத்தைச் சீட்டில் பூஜ்யம். "உன்னையெல்லாம் எவன்டா அச்சடிச்சான்?" என்று டிராகன் ஆட்டத்துக்கு ஆட்டம் சீண்டும். நத்தை கொம்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அன்று எதிராளி விட்ட இடி நேராக டிராகனை நோக்கி இறங்கியது. டிராகனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கொஞ்சம் நகருங்கண்ணே" என்று நத்தை முன்னால் வந்து, அடியை வாங்கி, ஓட்டுக்குள் சுருண்டது.

அப்போதுதான் பூஜ்யத்துக்குக் கீழேயிருந்த பொடி எழுத்தை டிராகன் படித்தது: 'பக்கத்திலிருப்பவருக்கு விழும் அடியை இது வாங்கும். ஒரு சுற்று ஓட்டுக்குள் கிடந்து, பிழைத்து வரும்.'

தன் முறை வந்தும் டிராகன் பாயவில்லை. ஓட்டின்மேல் சிறகை விரித்து நின்றது.

மெல்ல இரண்டு கொம்புகள் நீண்டன. "ஜெயிச்சிட்டோமாண்ணே?"

"நீ வராம எப்படிடா?" என்றது டிராகன்.