இரண்டு பக்கமும் பூட்டு

"இதுக்குள்ள ஒரு திருடன் புகுந்து வர முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க."

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். கேட்டவர் ஒரு பெரிய கிடங்கில் காவலாளிகளுக்கெல்லாம் சூப்பர்வைசர். சந்தேகம் அவருக்குத் தொழில் மட்டுமல்ல, கூடப்பிறந்ததும்கூட. கடையிலிருந்த, வீட்டுக் கதவின் அடியில் நாய் போய்வரப் பொருத்தும் நாய்க்கதவுகளை எல்லாம் தள்ளி, தட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாயிற்று. இன்னும் திருப்தி வரவில்லை.

பக்கத்தில் அவர் மனைவி நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாயின் பெயர் குண்டன். பெயருக்குக் குறை வைக்காத உடம்பு. பகலெல்லாம் பூட்டிய வீட்டுக்குள் கிடந்து கூடத்தை நாறடிக்கிறான். கொல்லைப்பக்கம் தானாகப் போய்வர ஒரு வழி செய்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

"திருடன் வரவே முடியாது சார். நாயோட கழுத்துப் பட்டையில ஒரு சிப் இருக்கும். அது கிட்ட வந்தாத்தான் பூட்டு விடும். இல்லன்னா நீங்க உதைச்சாலும் அசையாது. உள்ளேருந்து வெளிய போறதுக்கு மட்டும் சிப் வேண்டாம், தள்ளினாத் திறந்துக்கும்."

"அதெல்லாம் வேண்டாம். உள்ளேருந்தும் சிப் இருந்தாத்தான் திறக்கணும்."

"திருடன் வெளியேருந்துதானே சார் வருவான்?"

"ரெண்டு பக்கமும் பூட்டுன்னு சொன்னேன். ஆளை நம்பிக் கெட்டவன் உண்டு, பூட்டை நம்பிக் கெட்டவன் உண்டா?"

கடைக்காரர் குண்டனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவனுக்கு நடுத்தர சைஸ் போதும்" என்றார்.

மனைவி அப்போதுதான் முதன்முறையாக வாயைத் திறந்தாள். "வளர்ற நாய். கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்."

தன் நாயை நடுத்தரம் என்று சொன்னதில் சூப்பர்வைசருக்கும் ரோஷம்தான். "இருக்கறதுலயே பெருசக் குடுங்க. தன் தட்டுல பாதிய தினமும் இவனுக்குத்தான் போடறா. நாய் ஊதுது, இவ உருகுறா!" என்று சொல்லிச் சிரித்தார். கடைக்காரரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

மறுநாளே தச்சர் வந்து சமையலறையின் பின்கதவை அறுத்து நாய்க்கதவைப் பொருத்திக் கொடுத்தார். சூப்பர்வைசர் மண்டி போட்டு உள்ளேயிருந்து ஒரு உதை, வெளியேயிருந்து ஒரு உதை விட்டுப் பார்த்தார். அசையவில்லை. குண்டன் நடந்து வந்ததும் 'டக்'கென்று விட்டது. இனி ஈ காக்கா நுழையாது என்ற நிம்மதியில் அன்றைக்கு ஒரு வாய் கூடுதலாகவே சாப்பிட்டார்.

அடுத்த வாரம் ஒரு மாலை, வேலை முடிந்து வந்து வாசல் பூட்டைத் திறந்தார். குண்டன் வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தான். கழுத்தில் பட்டை இல்லை.

அறை அறையாக ஓடிப் பார்த்தார். பீரோ பூட்டியது பூட்டியபடி இருந்தது. டிவியும் இருந்த இடத்திலேயே இருந்தது. சமையலறையில் அடுப்பு சில்லென்று கிடந்தது. குண்டனின் தட்டில் இன்றைக்குப் பாதிச் சாப்பாடு இல்லை, ஒரு ஆள் சாப்பாடு முழுதாக இருந்தது. மனைவியை மட்டும் எந்த அறையிலும் காணோம்.

பின்கதவைச் சாவி போட்டுத் திறந்தார். படியில் குண்டனின் பட்டை கிடந்தது. கொல்லைக் கேட்டின் தாழ்ப்பாள் நீங்கியிருந்தது.

கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், அவளுடைய போன் எப்போதும்போல அவர் பையில்தான் இருந்தது. ஆயுசுக்கும் யாரையும் நம்பாத மனிதர், நம்பியது ஒரே ஒரு பூட்டை. அதுவும் துரோகம் செய்துவிட்டதே என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"நம்பி வாங்கினேனேய்யா, இப்படிக் கழுத்தறுத்துட்டியே! உன் கதவு வழியா எவனோ புகுந்து என் பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான். சோறு போட்டு வளர்த்த நாயும் வாலாட்டிக்கிட்டு நிக்குது!"

"பதறாதீங்க சார். நாய் இப்ப எங்க இருக்கு?"

"வீட்டுக்குள்ளதான்."

"பட்டை?"

"வெளிய, படியில கெடக்குது."

மறுமுனையில் கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"உள்ள எவனும் வரல சார். உள்ள இருந்தவங்கதான் வெளிய போயிருக்காங்க."