பூதப்படையின் கூச்சல்

“தொண்டையால கத்தாதீங்க. வயித்துலேர்ந்து வரணும்!” என்றேன்.

என் சுற்றுலா வேனில் வந்த எல்லோரும் ரப்பர்க் கோரைப்பற்களைக் கவ்விக்கொண்டு கத்தினார்கள்.

“க்ராலோ! க்ராலோ!”

கல்குவாரிச் சுவர் அந்தக் கூச்சலைத் திருப்பி எங்கள் மேலேயே எறிந்தது.

கத்தாமல் நின்றவள் ஒருத்திதான்.

லோசா. சமோவாத் தீவுக்காரி. ஐம்பதைத் தாண்டியிருப்பாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். நீலச் சீருடையைக்கூட மாற்றவில்லை. வேனில் ஏறும்போது பெயரைச் சொன்னதோடு சரி.

அவள்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே எரிச்சல். முதல் இரண்டு இடங்களில் அவள் இறங்கவே இல்லை. கொடுத்த கோரைப்பல்லை, ஏதோ செத்த எலியைத் தொடுவதுபோல், பக்கத்துச் சீட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

நியூசிலாந்தின் வெலிங்டனில் அந்தப் பூதப்போர்ப் படம் எடுத்த இடங்களைக் காட்ட ஆளுக்கா பஞ்சம்? எல்லோரும் அதே குன்று, அதே ஆற்றங்கரை. போரிருவா ஊர் டயர்க் கடைகளுக்குப் பின்னால், மஞ்சள் முட்புதர் மூடிக் கிடக்கிற இந்தக் குழிக்கு என்னைத் தவிர யாரும் கூட்டி வருவதில்லை. மூன்றாம் பாகத்தின் கடைசிப் போர் இங்கேதான் நடந்தது என்று கண்டுபிடித்தவன் நான்.

அந்தப் பெருமையோடுதான் கதையைச் சொன்னேன்.

“பூதப்படையா நின்னவங்க எல்லாம் இந்த ஊர் ஆளுங்க. ஒவ்வொருத்தரும் கதவு மாதிரி இருப்பாங்க. முகமூடியை மாட்டிவிட்டு, ‘உங்க பாஷையில வாயில என்ன வருதோ கத்துங்க’ன்னு சொன்னாங்களாம். வந்ததுதான் இது. அப்புறம் சவுண்டுக்காரங்க அதைக் கரகரப்பாக்கி விட்டாங்க. ரசிகர்கள் பூத பாஷைக்கு அகராதியே போட்டிருக்காங்க. க்ராலோன்னா, ‘சதையைக் கிழி’!”

மெல்பர்னிலிருந்து வந்த தாடிக்காரனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பிளாஸ்டிக் கோடரியை ஓங்கிக்கொண்டு, விளையாட்டாக, லோசாவின் முகத்துக்கு நேரே போய்க் கத்தினான்.

“க்ராலோ!”

அவள் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். கோடரி பறந்து போய் முட்புதரில் விழுந்தது.

எனக்கு வந்ததே கோபம்.

“ஆன்ட்டி, பிடிக்கலைன்னா வேன்ல போய் உக்காருங்க. மத்தவங்க சந்தோஷத்தைக் கெடுக்காதீங்க.”

“சந்தோஷமா?” என்று திரும்பினாள். “அதுக்கு அதுதான் அர்த்தம்னு எவன் சொன்னான்?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். விடவில்லை.

அந்தப் படத்தை அவள் தியேட்டரில் பார்த்தாளாம். பூதப்படையில் அவளுடைய தம்பியும் ஒருவன். மாமாவைக் காட்டுகிறேன் என்று இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போயிருக்கிறாள். அத்தனை முகமூடிகளில் எது மாமா என்று யாருக்குத் தெரியும்?

படை வாயைத் திறந்ததும் மூத்தவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னவன் சீட்டின் மேல் ஏறி நின்று, பின்னால் திரும்பி, தியேட்டர் வாசலைப் பார்த்தான்.

திரையில் வெள்ளைக் குதிரைக்காரர்கள் வந்து அந்தப் படையை வெட்டிச் சாய்த்தார்கள். வெட்ட வெட்ட, தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது.

“வருஷா வருஷம் ஹாலோவீனுக்குப் பூத வேஷம் போட்ட பிள்ளைங்க என் வாசல்லயும் வந்து கத்துதுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு மிட்டாய் குடுத்து அனுப்புறேன்.” அவள் உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, கோபம். “இப்ப நீ இதுக்கு டிக்கெட் போட்டு வகுப்பு எடுக்குற.”

எனக்கு இன்னும் விளங்கவில்லை. “சரி, அவங்க என்னதான் கத்தினாங்க ஆன்ட்டி?”

“பூதமா நின்னவங்கள்ல பாதிப் பேரு எங்க சர்ச் ரக்பி டீம். முந்தின நாள்தான் அவங்ககூட ஆடின ஒருத்தரைப் புதைச்சுட்டு வந்திருந்தாங்க. வாயில என்ன வருதோ கத்துன்னா, வேற என்ன வரும்? அவர் பேருதான் வந்துச்சு. கலோலோ. என் புருஷன்.”

தாடிக்காரன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாயிலிருந்து கோரைப்பல்லைப் பிடுங்கினான்.

“மன்னிச்சிடுங்க ஆன்ட்டி,” என்றேன். “இனிமே இங்க யாரையும் கத்த விடமாட்டேன்.”

அவளுக்கு அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“நிறுத்தச் சொல்லவா வேலை முடிஞ்ச கையோட இங்க வந்து நிக்கிறேன்? அந்த டீம்லயே பாதிப் பேர் இப்ப உயிரோட இல்ல. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேற யாரு இருக்கா? கத்தட்டும். நீ அர்த்தத்தை ஒழுங்காச் சொல்லு. இப்பவே சொல்லு, என் கண்ணு முன்னால.”

கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். எத்தனையோ தடவை பேசிய இடம்தான். அதே பழகிய குரலில் ஆரம்பித்தேன்.

“கலோலோ என்றால்...”

“என்றால் என்னடா என்றால்!” என்று குவாரியே அதிரக் கத்தினாள் லோசா. “அவர் ஒரு ஆளு. பஸ் ஓட்டினாரு.”