பன்னிரண்டுக்கு மேல் ஒரு கிராம்

"அறுபத்தெட்டு புள்ளி ஏழு. உன்னோட அம்பத்தாறு புள்ளி நாலு போக, சைக்கிள் பன்னெண்டு புள்ளி மூணு."

தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தாள் தங்கச்சி. சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி எடைமெஷின் மேல் நிற்கிற எனக்கு, என் காலடியில் என்ன எண் ஓடுகிறது என்று தெரியாது.

இறங்கினேன். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு மறுபடி ஏறினேன்.

அதே பன்னிரண்டு புள்ளி மூன்று.

வாசல் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அம்மா நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மணி நாலே முக்கால்," என்றாள்.

ஐந்து மணிக்கு சைக்கிளை வாங்க ஆள் வருகிறார். பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் விற்றுவிடுவேன் என்று ஒரு மாதம் முன்பு அம்மா சொன்னாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். அதில் தள்ளுபடி கிடையாது.

அன்றைக்கு அது பதினைந்து கிலோ. மலையேறும் சைக்கிள். முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர், மற்றதெல்லாம் சுத்த இரும்பு.

அலுமினியச் சட்டம் வாங்க எங்களிடம் வசதி இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு ஸ்பேனர், ஒரு ரம்பம், அளவில்லாத வெறி.

மட்கார்டு போனது. கேரியர் போனது. ஸ்டாண்டு போனது. முன்னால் மூன்று பல்சக்கரம் எதற்கு, ஒன்று போதாதா என்று இரண்டைக் கழற்றினோம். ஹேண்டில்பாரில் இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல் அறுத்தோம். நீளமான போல்ட்டையெல்லாம் நறுக்கினோம். பந்தயத்துக்குப் போகிற ஒருவர் கழற்றிப் போட்ட மெல்லிய டயர் இரண்டைக் கெஞ்சி வாங்கி வந்து மாட்டினோம்.

"இரும்பு சைக்கிள்ல எடையைக் குறைக்கிறதும் யானைக்கு முடி வெட்டிவிடறதும் ஒண்ணும்மா," என்றார் சைக்கிள் கடை அண்ணன். "வேணும்னா பிரேக்கையும் கழட்டிடு. அரை கிலோ குறையும், அப்புறம் ஆளே குறைஞ்சிடும்."

யானைக்கு முடி வெட்டி வெட்டியே இதுவரை வந்துவிட்டோம். இன்னும் முந்நூறு கிராம். பதினைந்து நிமிடம்.

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துச் செயினில் இருந்த அழுக்கைத் தேய்த்தேன். தங்கச்சி நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். வால்வு மூடி இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"காத்தைக் கொஞ்சம் இறக்கிவிடவா? காத்துக்கும் எடை இருக்கு."

"எவ்ளோ?"

"ரெண்டு கிராம் வரும்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அழுகை வந்துவிடும் போலவும் இருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன்.

தங்கச்சி என்னையே உற்றுப் பார்த்தாள். கல்லூரியில் கணிதம் படிக்கிறவள். தசமப் புள்ளிக்கு ஒன்று என்றால் உயிரை விடுவாள்.

"அக்கா. இந்த அம்பத்தாறு புள்ளி நாலு எப்போ எடுத்தது?"

"காலையில. எழுந்தவுடனே."

"அதுக்கப்புறம் சாப்ட்டியா?"

நான் பிரஷ்ஷை எடுத்துச் செயினை மறுபடி தேய்த்தேன்.

"சாப்ட்டியான்னு கேட்டேன்."

"ரெண்டு தட்டு."

"மூணு," என்றாள் அம்மா கதவுப் பக்கமிருந்து, சட்டென்று. "நான்தானே போட்டேன். அதுக்கு மேல ஒரு செம்புத் தண்ணி வேற குடிச்சா."

தங்கச்சி எழுந்து நின்றுவிட்டாள். "எருமை! உன் சோத்தை எல்லாம் சைக்கிள் கணக்குல எழுதிட்டு இருக்கோம்!"

என்னைத் தள்ளிக்கொண்டுபோய் மெஷின் மேல் ஏற்றினாள். தனியாக. மறுபடி குப்புறப் படுத்தாள்.

ஐம்பத்தேழு.

"அறுபத்தெட்டு புள்ளி ஏழுல அம்பத்தேழு போனா..." அவளுக்கே குரல் கீச்சிட்டது. "பதினொண்ணு புள்ளி ஏழு! அக்கா, பதினொண்ணு!"

நாங்கள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அதற்கும் சேர்த்துக் குதித்தோம்.

அம்மா போனை எடுத்தாள். "மன்னிச்சிக்கோங்க, விக்கிறதா இல்லை," என்று ஒரே வரியில் முடித்தாள்.

பிறகு சைக்கிளிடம் வந்தாள். நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

"கையை எடு."

எடுத்தேன்.

அம்மாவின் ஆபரேஷன் ஆன தோளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த எல்லை பன்னிரண்டு கிலோ. எங்கள் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. தினமும் நாங்கள் தூக்கிக் கொடுக்கிறோம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தோம். "நாலு பேரு தூக்கிவிட்டு நான் ஏறிப் போறதுக்கு அது என்ன பல்லக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

குனிந்தாள். தூக்கினாள். தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

நாங்கள் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு காதைத் தீட்டினோம். மூன்றாவது மாடி. இரண்டாவது. அங்கே காலடிச் சத்தம் நின்றது. தங்கச்சி என் கையை நசுக்கினாள்.

மறுபடி சத்தம். முதல் மாடி. தரை.

அப்புறம் நான்கு மாடியும் அதிர ஒரு குரல் மேலே ஏறி வந்தது.

"எவடி என் சீட்டை இவ்ளோ ஒசத்தி வெச்சது?"