கத்தரினின் மாத்திரை

“தலைவலி மாத்திரை தேடினா இது கிடைக்குது. என்னலா இது, கத்தரின்?”

இழுப்பறையிலிருந்து எடுத்த மாத்திரை அட்டையைக் கெர்ட்ரூட் தூக்கிக் காட்டினார். சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

மகன் லூயிஸுக்கு இந்த வீட்டுப் பெண் ஹில்டாவைப் பேசி முடித்து, கல்யாணச் சேலையைக் காட்ட வந்திருந்தார். இன்னும் எட்டே நாள். முகம் நிறையப் பரு என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண். கச்சான் கடலை தின்பதை நிறுத்தியும் போகாத பரு, எப்படியோ இந்த வருசம் போய், கல்யாணம் கூடி வந்திருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பெண்கள். ஒருத்தி கல்யாணப் பெண். இன்னொருத்தி விதவை.

கெர்ட்ரூட்டின் பார்வை ஹில்டா மேல் போனது.

“அது என்னுதுக்கா” என்றாள் கத்தரின்.

“அம்மா...”

“நீ உள்ள போ.”

“உன்னுதா? புருசன் செத்து ஆறு வருசமாச்சு. உனக்கு எதுக்கு இது?”

கத்தரின் தலை குனிந்துகொண்டாள்.

“சீ! மூணு வாரக் கல்யாண ஓலையும் கோயில்ல வாசிச்சாச்சு. லூயிஸ் இவளத்தான் கட்டுவேன்னு நிக்கிறான். கல்யாணம் நடக்கும்லா. ஆனா நீ அன்னைக்குக் கோயில் பக்கம் வரக்கூடாது. பொண்ண உன் தம்பி ஆம்புரோஸ் கூட்டிட்டு வரட்டும்.”

“சரிக்கா.”

ஞாயிறு பூசைக்குள் செமோர் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கத்தரின் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. மகள் கட்டிப் போகிற நேரத்தில் இவளுக்கு என்ன கேடு என்று பேசாத வாய் இல்லை. ஹில்டாவின் வாய்தான் திறக்கவில்லை.

கல்யாணத்தன்று காலை, வெள்ளைச் சேலையோடு சமையல்கட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“பஞ்சலிங்கம் டாக்டர் குடுத்த ரிப்போர்ட்டக் காட்டியிருக்கலாம்லம்மா. பட்டினியா ஈப்போ போயி ரத்தம் குடுத்தேன்ல. ரத்தத்துல கொழுப்பு கூடியிருக்கு, ஹார்மோனும் கூடியிருக்கு, அதான் பரு வருது, அதுக்குத்தான் இந்த மாத்திரைன்னு அதுலயே இருக்கே.”

“கூடினது ஆம்பள ஹார்மோன்னும் அதுலதானடி இருக்கு. கெர்ட்ரூட் படிச்சா, இவ பொம்பளதானா, பிள்ள பெறுவாளான்னு கேப்பா. என்னப் பத்திப் பேசினா பேசிட்டுப் போறாங்க.”

“அவங்க வருசத்துக்குள்ள பேரன் கேக்குறாங்கம்மா. மாத்திரை போட்டா பிள்ள வராது. நிறுத்தினா பரு திரும்பி வரும். நான் என்ன செய்ய?”

வெளியே ஆம்புரோஸின் பழைய மோரிஸ் மைனர் கார் ஹாரன் அடித்தது. கத்தரின் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு, புது மாத்திரை அட்டை ஒன்றைக் கைப்பையின் அடியில் திணித்தாள்.

“மொதல்ல தாலி ஏறட்டும், போ. இதப் பத்திரமா ஒளிச்சு வையி. அங்க என்னுதுன்னு சொல்ல நான் இருக்க மாட்டேன்.”